இரவு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன கூலி, எங்கே படுக்கை?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். பெண் குழந்தைக்கு 14 மாதம். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு விடுமுறை, மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அடுத்த மாதம் நீங்களும் உங்கள் கணவரும் தொடர்ந்து மூன்று இரவு வெளியூரில் இருக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு உங்களுக்கு மாதத்தில் நான்கைந்து நைட் ஷிஃப்ட் வரும், அந்த இரவுகளில் கணவர் வீட்டில் இருப்பார். அக்கா தங்கச் சம்மதித்துவிட்டார். "ராத்திரி தூங்கத்தானே போகிறார், இரவுக்கு 300 ரூபாய் நியாயமா? ஹாலில் படுக்கச் சொல்லலாமா, பாப்பாவோடு கட்டிலிலேயே படுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடுகளுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வி அடிக்கடி வரும், பெரும்பாலும் கூலியைத் தனியாகவும் படுக்கையைத் தனியாகவும் பிரித்துத்தான் வரும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் குழந்தைக்காகக் காதைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குகிற நேரம் வேலையா, ஓய்வா? என் பதில், அது வேலைதான். விழித்திருந்து பார்க்கும் வேலையை விட இலேசானது, ஆனாலும் வேலை. அந்த நேரத்தில் அவர் தன் வீட்டுக்குப் போக முடியாது, தன் பிள்ளைகளோடு இருக்க முடியாது, தூக்கம் வரவில்லையென்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்கவும் கூடாது. மருத்துவமனையில் டூட்டி டாக்டர் படுத்திருக்கும் நேரத்தை யாரும் அவருடைய சொந்த நேரம் என்று சொல்வதில்லை.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துக்கொள்வோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டுப் பணியாளர்களுக்காகக் கொண்டுவந்த 189-வது உடன்படிக்கை, வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கருத வேண்டும் என்கிறது. எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் விட்டுவிடுகிறது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. அமெரிக்காவின் கூலிச் சட்ட விதிப்படி, பணி 24 மணி நேரத்துக்குக் குறைவானது என்றால் இடையில் தூங்கிய நேரமும் வேலை நேரமே. 24 மணியோ அதற்கு மேலோ என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, சரியான படுக்கை வசதியும் கொடுத்திருந்தால், தூக்கத்துக்காக 8 மணி வரை கழிக்கலாம். ஆனால் குறைந்தது 5 மணி நேரத் தூக்கமாவது கிடைக்காத இரவு என்றால் கழிக்கவே முடியாது. பிரிட்டனிலோ நேர் எதிர். பராமரிப்பு இல்லங்களில் இரவு தங்குபவர்கள் பற்றிய வழக்கில், வேலைக்காக விழித்திருந்த நேரத்துக்கு மட்டும்தான் குறைந்தபட்சக் கூலி பொருந்தும் என்று 2021 மார்ச்சில் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தூங்கும் நேரத்துக்கு முழுக் கூலி தர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்றுமே தர வேண்டாம் என்பதையும் ஏற்க மாட்டேன். பாதிக் கூலி என்பது என் முடிவு, சட்டம் அல்ல. அந்த 5 மணி நேர விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், ஏனென்றால் நடைமுறையில் அது சரியான இடத்தில் கோடு போடுகிறது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 18,000 ரூபாயை 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 692 ரூபாய், 9 மணியால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய். இதுதான் அடிப்படை. நீங்கள் இருவரும் ஊரில் இல்லாத நாளில் அவருடைய "இரவு" மாலை 6 மணிக்கே தொடங்கி மறுநாள் காலை 9 மணிக்குத்தான் முடிகிறது. மொத்தம் 15 மணி நேரம். 300 ரூபாயை 15-ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய். தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே, தனிப் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு, மணிக்கு 37 ரூபாய். ஒரு குழந்தையின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அதற்கும் கீழே கொடுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. 300 என்ற தொகை வருவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல என்று எனக்குத் தெரியும். இரவு என்றதும் பத்து மணிக்கு மேல் அமைதியாகப் படுத்திருக்கும் நேரம் மட்டுமே நினைவுக்கு வருகிறது, மாலையும் விடியற்காலையும் கணக்கில் விட்டுப்போகின்றன.

அந்த 15 மணியைப் பிரித்துப் பாருங்கள். மாலை 6 முதல் இரவு 9.30 வரை குழந்தை விழித்திருக்கும்: விளையாட்டு, சாப்பாடு, உடம்பு துடைப்பது, தூங்கவைப்பது. காலை 6 முதல் 9 வரை மறுபடி முழு வேலை. இந்த ஆறரை மணி நேரம், பகலில் 9 மணி நேரம் உழைத்த பிறகு வரும் கூடுதல் நேரம். அதனால் ஒன்றரை மடங்கு, மணிக்கு 115 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 750 ரூபாய். இரவு 9.30 முதல் காலை 6 வரை எட்டரை மணி நேரம், பாதிக் கூலியில் 327 ரூபாய். சேர்த்தால் சுமார் 1,075 ரூபாய். வீட்டில் வேறு பெரியவர்கள் யாரும் இல்லாமல் அவர் ஒருவரே பொறுப்பு என்பதற்காக இரவுக்கு 200 ரூபாய் சேர்க்கச் சொல்வேன். இந்த 200 முழுக்க என் கணிப்புதான், 150 என்றாலும் 300 என்றாலும் சண்டை போட மாட்டேன். வட்டமாக 1,300 ரூபாய். மூன்று அமைதியான இரவுக்கு 3,900 ரூபாய், மாதச் சம்பளத்துக்கு மேல்.

அமைதியான இரவு என்று சொன்னேன். குழந்தை நடுவில் எழுந்தால், ஒவ்வொரு முறைக்கும் அரை மணியானாலும் ஒரு மணியானாலும் ஒரு மணி நேர வேலையாக வைத்து 80 ரூபாய் கூட்டுங்கள். பாதிக் கூலி ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் மிச்சம் அவ்வளவுதான் வரும். காய்ச்சலோ பல் முளைப்பதோ, ஏதோ ஒரு காரணத்தால் அவருக்கு மொத்தமாக 5 மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கவில்லையென்றால் அந்த இரவைக் காத்திருந்த இரவாகக் கணக்கிடாதீர்கள். 15 மணியும் வேலை, சுமார் 1,730 ரூபாய், அதோடு அந்த 200. இதற்கு ஆதாரமாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தூங்கிய மணி, எழுந்த மணி, என்ன கொடுத்தார், டயப்பர் மாற்றியது. பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காய்ச்சல் மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பது விடியற்காலை நான்கு மணிக்கு யாருக்கும் நினைவிருக்காது.

மூன்று நாட்களுக்கு நடுவே ஞாயிறு வந்தால் அந்தப் பகல் அவருடைய விடுமுறை. அதற்குத் தனியாக ஒன்றரை நாள் சம்பளம், ஏறக்குறைய 1,040 ரூபாய், அதோடு பின்னால் ஒரு மாற்று விடுமுறை. நீங்கள் திரும்பி வந்த மறுநாள் அவருக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள். இரவு தங்கியவரை மறுநாளும் மாலை 6 வரை நிறுத்தினால், முதல் நாள் காலை 9-லிருந்து தொடர்ச்சியாக 33 மணி நேரம். உங்கள் மூன்று நாளோ அதைவிட நீளம். அதனால் அந்த மூன்று பகலிலும் தினமும் மதியம் இரண்டு மணி நேரமாவது யாராவது வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பாட்டியோ, சித்தியோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டு அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையென்றால் இரண்டாவதாக ஓர் ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது பயணத்தை இரண்டு இரவாகக் குறைக்க வேண்டும். மூன்று இரவு சரியாகத் தூங்காதவர் கையில் குழந்தை இருப்பது, சம்பளம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஆபத்துதான்.

சாப்பாடு கூலியில் சேராது. மூன்று வேளையும் உங்கள் வீட்டுச் செலவு. ஃபிரிட்ஜில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் எடுக்க மாட்டார்கள். மாவு, பால், காய், முட்டை என்று அவருக்கென்று வாங்கி வைத்து, இது உங்களுக்கு என்று காட்டிவிட்டுப் போங்கள். இரவு சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ போடுகிறவரா என்று கேளுங்கள், அவர் சாப்பிடும் நேரம் அதைப் பொறுத்தது. போகவர ஆட்டோ காசு தனி. ஏஜென்சி மூலம் வந்தவர் என்றால், கூடுதல் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். முந்தின நாள் உங்கள் பயணம் ரத்தானால் பாதித் தொகையாவது கொடுங்கள், ஏனென்றால் அவர் தன் வீட்டில் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்குள் வேறு ஏற்பாடு செய்திருப்பார்.

நைட் ஷிஃப்ட் இரவுகளுக்கு என் பதில் வேறு. கணவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அந்த இரவுக்கு ஆள் எதற்கு? 14 மாதக் குழந்தையை இரவில் தூங்கவைக்கவும், எழுந்தால் தட்டிக்கொடுக்கவும், டயப்பர் மாற்றவும் அப்பாவுக்கு முடியும். பழகாததுதான் தடை, நான்கு இரவில் பழகிவிடும். மாலை 6 முதல் 9 வரை சமைக்கவும் ஊட்டவும் கை தேவையென்றால் அந்த மூன்று மணிக்கு மட்டும் கூடுதல் நேரக் கூலி கொடுத்து அக்காவை அனுப்பிவிடலாம். அவருக்கும் கணவர் மட்டும் இருக்கும் வீட்டில் இரவு தங்குவது சங்கடம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கணவருக்கு உடல்நிலை காரணமாக முடியவே முடியாது என்றால், இரவு 9 முதல் காலை 7 வரை 10 மணி நேரத்துக்கு, இரண்டு மணி வேலை, எட்டு மணி காத்திருப்பு என்ற கணக்கில் 540 ரூபாய் வரும், 550 கொடுங்கள். மறுநாள் அவர் மதியம் 12 மணிக்கு வந்தால் போதும், சம்பளம் பிடிக்காமல். அவருடைய அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும். கணவர் எதற்காவது கூப்பிட வேண்டுமென்றால் கதவைத் தட்டி, வெளியிலிருந்தே பேச வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும், உங்கள் வீடுதான் அவருடைய பணியிடம். இதை யார் மீதும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. இந்த ஒழுங்கு அவரையும் காக்கும், உங்கள் கணவரையும் காக்கும்.

படுக்கைக்கு வருவோம். ஹால் வேண்டாம். ஹாலில் படுத்திருப்பவருக்கு மூடிய அறைக்குள் குழந்தை சிணுங்குவது கேட்காது, ஃபேனும் ஏசியும் ஓடும்போது சுத்தமாகக் கேட்காது. கதவைத் திறந்துவைத்தால் 14 மாதக் குழந்தை இருட்டில் எழுந்து நடந்து வெளியே வந்துவிடும். அதே கட்டிலும் வேண்டாம். குழந்தையின் அறையிலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், தனிப் படுக்கை. இதுதான் என் பரிந்துரை. பெரியவர்கள் கட்டிலில் குழந்தையைப் படுக்கவைத்துச் சுற்றிலும் தலையணை அடுக்குவது நம் வீடுகளில் வழக்கம். நடக்கிற குழந்தை தலையணை மேல் ஏறிக் கீழே விழும், விழும் உயரம்தான் கூடும். பக்கத் தடுப்பு உள்ள தொட்டில் கட்டில் இருந்தால் அதில் படுக்கவையுங்கள். இல்லையென்றால் தரையில் இரண்டு மெத்தை, ஒன்று குழந்தைக்கு, ஒன்று அக்காவுக்கு. குழந்தையின் மெத்தை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், அல்லது நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். நான்கு விரல் இடைவெளிதான் ஆபத்து, தலையோ உடம்போ அதற்குள் சிக்கிக்கொள்ளும். மெத்தை அழுத்தினால் அமுங்காத கெட்டியான ஃபோமாக இருக்கட்டும், பழைய இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம்.

தரையில் படுக்கும் குழந்தை விழாது, ஆனால் நடமாடும். அதனால் கழிவறைக் கதவு வெளியிலிருந்து தாழிட்டிருக்க வேண்டும், உள்ளே பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. தலைகீழாக விழுந்தால் ஒரு குழந்தை மூழ்கக் கால் பக்கெட் தண்ணீரே போதும். பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள், திரைச்சீலைக் கயிறு, கொசு விரட்டும் திரவ பாட்டில் செருகியிருக்கும் பிளக், சார்ஜர் ஒயர் எல்லாம் கைக்கு எட்டாமல் இருக்கின்றனவா என்று முழங்காலிட்டு அந்த உயரத்திலிருந்து பாருங்கள். கொசு விரட்டியை விட வலைதான் நல்லது. ஏசி 25, 26 டிகிரி போதும், காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்காத மாதிரி.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. மல்லாக்கப் படுக்கவைப்பது, தட்டையான கெட்டியான பரப்பு, தலையணை இல்லை, கனத்த போர்வை இல்லை, பொம்மை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் சொல்வது இதுதான். ஒரே அறை, ஆனால் தனிப் படுக்கை என்றும் அது சொல்கிறது. பராமரிப்பவர் கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது, களைத்துப்போனவர் என்றால் ஒருபோதும் கூடாது. சளிக்கோ அரிப்புக்கோ மாத்திரை போட்டவருக்கு அன்று தூக்கம் கனமாக இருக்கும், புரண்டது தெரியாது. சோஃபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசம், சோஃபாவின் இடுக்கில் குழந்தையின் முகம் அழுந்திவிடும்.

தூளி பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இதில் பாட்டிகளோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருந்து ஆட்டித் தூங்கவைப்பதில் தவறில்லை. ஆனால் இரவு முழுக்கத் தூளியிலேயே விடுவதை நான் அனுமதிப்பதில்லை. புடவைத் துணி குழிந்து குழந்தையின் முதுகை வளைக்கும், தாடை நெஞ்சில் இடித்து மூச்சுப்பாதை குறுகும், முகம் துணியில் புதையவும் வாய்ப்பு உண்டு. புரளத் தொடங்கிய பிறகு விழும் பயம் வேறு. தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றுவது என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மாற்றும்போது எழுந்துவிடுகிறது என்பார். முதுகும் பின்பக்கமும் முதலில் மெத்தையைத் தொட்டு, தலை கடைசியாக, கையைச் சற்று நேரம் நெஞ்சில் வைத்திருந்து எடுத்தால் பெரும்பாலும் எழாது.

அக்காவின் படுக்கைக்கு என்ன தேவை? 3-க்கு 6 அடி சிங்கிள் மெத்தை, 4 அங்குலக் கனம், துவைத்த விரிப்பு, தலையணை, போர்வை, அவருக்கென்று ஒரு துண்டு. கீழே உட்கார்ந்து எழ முடியாத முழங்கால் வலிக்காரர் என்றால் மடக்குக் கட்டில். கோரைப்பாய் மட்டும் கொடுத்து, பழக்கம்தானே என்று சொல்வது வேண்டாம். அவர் வீட்டில் எப்படிப் படுப்பார் என்பது அவர் விஷயம், உங்கள் குழந்தைக்காக இரவில் நான்கு முறை எழ வேண்டியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளாத படுக்கை கொடுப்பது உங்கள் பொறுப்பு. தலைமாட்டில் சார்ஜர், ஒரு சின்ன விடிவிளக்கு, தண்ணீர், பையை வைக்க ஓர் இடம். கழிவறை எது என்று தயங்காமல் காட்டுங்கள், வீட்டார் பயன்படுத்துவதையே பயன்படுத்தலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்பு சொன்ன உடன்படிக்கையோடு வந்த 201-வது பரிந்துரை, தங்கி வேலை செய்பவருக்குக் காற்றோட்டமான தனி அறையும், பூட்டும், அதன் சாவியும் கொடுக்க வேண்டும் என்கிறது. மூன்று இரவுக்கு அது எல்லா வீட்டிலும் முடியாது. உடை மாற்ற, பத்து நிமிடம் தனியாக உட்கார, கதவைச் சாத்திக்கொள்ளும் ஓர் இடமாவது வேண்டும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது நியாயம், ஆனால் அதே அறையில் ஒரு பெண் தூங்குகிறார். ஹாலில் உள்ள கேமரா இருக்கட்டும், இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அறையில் உள்ளதைக் குழந்தையின் படுக்கை மட்டும் தெரியும்படி திருப்புங்கள், திரையில் என்ன தெரிகிறது என்று அவருக்கே காட்டுங்கள். முடியவில்லையென்றால் ஒலி மட்டும் கேட்கும் கருவி போதும். தெரியாமல் வைத்த கேமராவில் ஒரு பெண் உடை மாற்றுவது பதிவானால் அது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின் கீழ்க் குற்றமாகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, அவர் உங்கள் மேல் வைத்திருந்த நம்பிக்கை.

புறப்படும் முன் ஒத்திகை இரவு ஒன்றாவது வேண்டும், இரண்டு என்றால் நல்லது. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் தங்கி, குழந்தையைத் தூங்கவைத்து, இரவு எழுந்தால் அவரே பார்க்கட்டும். அதற்கும் கூலி உண்டு. இரவில் தாய்ப்பால் குடித்துத் தூங்கும் குழந்தை என்றால் இது மிக முக்கியம். பகலில் அக்காவிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தையே இரவு இரண்டு மணிக்கு அம்மாவைத்தான் தேடும். அந்த அழுகையை முதல்முறை நீங்கள் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அவர் சந்திக்கக் கூடாது.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் வெளியே இருக்க வேண்டும். பாராசிட்டமால் நம் கடைகளில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸாகவும், 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும் கிடைக்கிறது. 9 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளைக்கு 135 மில்லிகிராம். 250 சிரப் என்றால் 2.7 மில்லி. அதே 2.7 மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி, எந்த பாட்டில், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று எழுதி வாங்கி, அந்த பாட்டிலிலேயே ஒட்டுங்கள். இருமல், சளி சிரப் எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கும் என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டிருக்கிறது. இதை அக்காவிடம் குற்றம் சாட்டும் குரலில் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: குழந்தையின் எடை, ஒவ்வாமை, மருத்துவர் எண், உங்கள் இருவர் எண், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் எண், 108. வலிப்பு, மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழாமை, விடாத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் முதலில் 108, பிறகுதான் உங்களுக்கு போன் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். முதலாளியம்மாவிடம் கேட்காமல் எப்படி என்று தயங்கியே பலர் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும், 3,000 ரூபாய் ரொக்கமும் ஓர் உறையில் இருக்கட்டும். அக்காவின் வீட்டார் எண்ணையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கே உடம்பு சரியில்லாமல் போகலாம். புதிதாக வருபவர் என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் அக்கா பழகியவர் என்பதால் அதைப் பற்றி நீட்டவில்லை. தன்னால் வர முடியவில்லை, மகளை அனுப்புகிறேன் என்று கடைசி நேரத்தில் சொன்னால் மட்டும் வயதைக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பெண்ணை இரவில் தனியாகக் குழந்தையோடு விடக் கூடாது. 14 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம்.

தொகையை யார் முதலில் சொல்வது என்பதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. "நீங்களே சொல்லுங்க அக்கா" என்று கேட்டால் அவர் "நீங்க பார்த்துக் குடுங்க" என்பார், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். கணக்கைத் தாளில் எழுதி, மாலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு, குழந்தை எழுந்தால் இவ்வளவு என்று அவர் முன்னால் படித்துக் காட்டுங்கள். குறைவாகத் தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள், ஒரு நாள் யோசிக்க விடுங்கள். முடியாது என்று சொன்னாலும் பகல் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், சம்மதம் அப்போதுதான் சம்மதம். பாதித் தொகையை நீங்கள் புறப்படும் அன்று காலையே கொடுங்கள். மிச்சத்தை, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டி, நீங்கள் திரும்பிய அன்று அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் சம்பளத்தோடு சேர்த்துத் தருகிறேன் என்று தள்ளினால் எந்த இரவுக்கு எவ்வளவு என்பது இருவருக்குமே மறந்துபோகும். பழைய அட்வான்ஸ் பாக்கியிலும் இந்தப் பணத்தைக் கழிக்காதீர்கள்.